சைக்கிள் கேள்விக்குப் பதில்: மனப்பாடமா, பதிவா, ஆசிரியரா, ஏஐயா?

"டிட் யூ ஹேவ் எ பைக் வென் யூ வேர் எ சைல்ட்?"

ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வில், பேச்சுத் தேர்வின் முதல் பகுதியில் வரக்கூடிய கேள்விகளில் இது சாதுவான ரகம். பதில் எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் வாயைத் திறந்தால் பெரும்பாலும் வருவது இப்படித்தான்:

"யெஸ், ஐ ஹேட் எ பைசைக்கிள். இட் வாஸ் ரெட் கலர். ஐ வென்ட் டு ஸ்கூல் பை பைசைக்கிள். பைசைக்கிள் இஸ் குட் ஃபார் ஹெல்த் அண்ட் என்விரான்மென்ட்."

பெரிய தப்பு என்று சொல்ல எதுவும் இல்லை. ஆனால் நான்கு வாக்கியமும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் நிற்கின்றன. யார் சொன்னாலும் இதே பதில்தான் வரும். கடைசி வரி பள்ளிக்கூடக் கட்டுரையிலிருந்து நேராக எழுந்து வந்திருக்கிறது. இதை மேலே ஏற்ற என்ன வழி என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். மாதிரி விடையைப் படி, வொக்காபுலரி ஏற்று, உன் குரலைப் பதிவு செய்து கேள், நல்ல ஆசிரியராகப் பிடி, ஏஐயோடு பேசு. வேலையும் வீடும் போக மிஞ்சும் நேரத்தில் இத்தனையும் நடக்காது. எதை எடுப்பது, எதை விடுவது?

முதலில் மதிப்பெண் கணக்கைப் பார்த்துவிடலாம். எக்ஸாமினர் நான்கு அளவுகோல்களை வைத்து மதிப்பிடுகிறார்: சரளமும் கோர்வையும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. ஒவ்வொன்றிலும் பேண்ட் எனப்படும் படி 9 வரை உண்டு, நான்குக்கும் சம எடை. ஆகவே நான்கிலும் 6 வாங்குகிறவர் மூச்சுப் பிடித்து சொல்வளத்தை மட்டும் 7 ஆக்கினால் சராசரி 6.25தான் வரும். ஒரு படி ஏறிய உழைப்புக்குக் கால் படி. இந்தக் கணக்கு பாதி முடிவை நமக்காக எடுத்துவிடுகிறது. ஒரு பயிற்சி எத்தனை அளவுகோல்களை ஒரே நேரத்தில் அசைக்கிறது என்று பார்த்தால் போதும்.

எதற்கு மதிப்பெண் இல்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சைக்கிளைப் பற்றி எவ்வளவு அறிவு என்பதற்கு இல்லை. சொல்வது நிஜமா என்பதற்கு இல்லை. ஆங்கிலத்தில் தமிழ் வாடை அடிக்கிறது என்பதற்காக வெட்டுவதும் இல்லை; கேட்பவர் சிரமப்படாமல் புரிந்துகொள்கிறாரா என்பதுதான் விஷயம்.

மாதிரி விடை மனப்பாடம்

அதிகம் பேர் எடுக்கும் வழி இது, அதனால் இதிலிருந்து தொடங்கலாம். கவர்ச்சி புரிகிறது. நாளைக்கே தேர்வு என்றாலும் இன்றைக்கு ராத்திரி பத்து விடைகளை உருப்போட்டுவிடலாம். "சைக்கிளிங் இஸ் ஆன் எகோ-ஃப்ரெண்ட்லி மோட் ஆஃப் டிரான்ஸ்போர்ட் விச் பிளேஸ் எ பிவோட்டல் ரோல் இன் மை லைஃப்" என்று சொல்லிப் பார்த்தால் நமக்கே கம்பீரமாக இருக்கிறது.

முதல் பகுதி நான்கைந்து நிமிடம். எக்ஸாமினர் தம் கையிலுள்ள கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போவார், இடையில் "வை?" அல்லது "வை நாட்?" என்று ஒரு சின்னத் தூண்டல் வரும். அந்த "வை?"யிலேயே சாயம் வெளுத்துவிடும். பிவோட்டல் ரோல் என்று சொன்ன அதே வாய் அடுத்த நொடியில் "பிகாஸ்... அ... இட் இஸ் வெரி குட்" என்று சொல்லும். ஒரே ஆளிடமிருந்து இரண்டு தரத்தில் ஆங்கிலம் வருவதைக் கண்டுபிடிக்க எக்ஸாமினராகவே இருக்க வேண்டியதில்லை. உருப்போட்டதைச் சொல்லும்போது வேகம் கூடும், ஏற்ற இறக்கம் செத்துப்போகும், கண் எங்கோ பார்க்கும். வெளியிடப்பட்டுள்ள மதிப்பீட்டு விளக்கத்தில் மனப்பாடம் செய்ததுபோல் தோன்றும் தொடர்கள் பற்றிய குறிப்பு இலக்கண வரிசையில் எந்தப் படியில் இருக்கிறது தெரியுமா? 3-ல். 6 வாங்கக்கூடிய ஆள் தானாகப் போய் அந்த வரிசையில் நிற்க வேண்டுமா?

மாதிரி விடையைத் தொடவே கூடாது என்று சொல்ல மாட்டேன். படியுங்கள், அதிலிருந்து இரண்டு மூன்று சொற்சேர்க்கைகளை மட்டும் உருவிக்கொண்டு மிச்சத்தை மூடி வையுங்கள். அண்ணன் வளர்ந்து சைக்கிள் சின்னதாகிப் போனதைச் சொல்ல "ஹி அவுட்க்ரூ இட்", அது நமக்கு வந்ததைச் சொல்ல "எ ஹேண்ட்-மீ-டவுன்". இவை எந்தப் பதிலுக்குள்ளும் இயல்பாக உட்காரும். முழுப் பத்தி அப்படி உட்காராது.

சொற்பட்டியல்

மேலே போட்ட கால் படிக் கணக்கே இதற்குத் தீர்ப்பு. அரிய சொல் வேட்டை செலவுக்கு ஏற்ற வரவு தராது. ஆனால் சாதாரணச் சொற்களைச் சரியான ஜோடியோடு சொல்வது வேறு விஷயம், அதில் நமக்குச் சில நிரந்தரப் பள்ளங்கள் உண்டு. சைக்கிளை "டிரைவ்" செய்வதில்லை, "ரைட்" செய்கிறோம். "ரெட் கலர்" வேண்டாம், "இட் வாஸ் ரெட்" போதும். நடந்துபோனதை "பை வாக்" என்று சொல்லாமல் "ஆன் ஃபுட்" என்க வேண்டும். "ஐ நோ சைக்கிளிங்" என்பது "எனக்கு சைக்கிள் தெரியும்" என்பதன் நிழல். அங்கே "ஐ கேன் ரைட் எ பைக்" வரும். செயின் கழன்றால் "த செயின் கேம் ஆஃப்", காற்று இறங்கினால் "ஐ ஹேட் எ ஃப்ளாட் டயர்".

எல்லாவற்றுக்கும் முன்னால் பைக் என்ற சொல்லே ஒரு பொறி. நமக்குப் பைக் என்றால் மோட்டார் சைக்கிள். தேர்வில் இந்தத் தலைப்பின் கீழ் அது மிதிவண்டி. "டு யூ ரைட் எ பைக் நவ்?" என்ற கேள்விக்குப் பெட்ரோல், மைலேஜ் என்று போய்விட்டால் நல்ல ஆங்கிலமாக இருந்தாலும் கேள்விக்கு வெளியே நிற்கும்.

இடியம் பற்றி ஒரு வார்த்தை. விட்டுப்போன பழக்கம் மறக்காது என்பதற்கு "இட்ஸ் லைக் ரைடிங் எ பைக்" என்ற வழக்கு சைக்கிள் தலைப்பில் நேரடிப் பொருளிலேயே பொருந்திவிடுகிறது, அதனால் சொல்வதில் சுவை இல்லை. "பெடல் டு த மெட்டல்" என்பதைச் சைக்கிளுக்குப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. அது கார் ஆக்சிலரேட்டரை அழுத்துவது.

பட்டியலைவிடப் பயனுள்ள ஒன்று இருக்கிறது: சொல் தெரியாதபோது சுற்றி வளைத்துச் சொல்லும் திறமை. சொல்வள மதிப்பீட்டில் இதற்கென்றே இடம் உண்டு. சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாத வயதில், பிரேமுக்குள் ஒரு காலை விட்டு நின்றுகொண்டே மிதிப்போமே, குரங்குப் பெடல். அதற்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் தேடிக்கொண்டு நின்றால் நேரம் போகும். "ஐ வாஸ் டூ ஷார்ட் ஃபார் த சீட், ஸோ ஐ புட் ஒன் லெக் த்ரூ த ஃப்ரேம் அண்ட் பெடல்ட் ஸ்டாண்டிங் அப்." எல்லாம் சின்னச் சொற்கள். ஆனால் கேட்பவருக்குப் படம் தெரிந்துவிடுகிறது, நம் மதிப்பெண்ணும் நகர்கிறது.

பதிவு செய்து, எழுதி, மறுபடி சொல்வது

என் ஓட்டு இதற்கு. இலவசம், தனியாகச் செய்யலாம், நான்கில் குறைந்தது மூன்று அளவுகோல்களைத் தொடுகிறது. ஆனாலும் ஏனோ மிகக் குறைவான பேர்தான் செய்கிறார்கள். காரணம் ஊகிக்கக்கூடியதுதான்: தன் குரலைத் தானே கேட்பது யாருக்கும் பிடிக்காது.

முறை எளிது. கேள்வியைப் பார்த்துவிட்டு யோசிக்காமல் போனில் பதிலைப் பதிவு செய்யுங்கள். பிறகு கேட்டுக் கேட்டு, திக்கல் திணறலோடு, ஒரு "அ..." கூட விடாமல் காகிதத்தில் எழுதுங்கள். உயிர்நாடி இந்த எழுதும் படிதான். வெறுமனே கேட்டால் காது நம் பிழைகளை மன்னித்து ஓட்டிவிடும். எழுதினால் இப்படி ஒன்று முன்னால் கிடக்கும்:

"யெஸ், அ... ஐ ஹேவ்... ஐ ஹேட் எ சைக்கிள். இட் இஸ் மை பிரதர் சைக்கிள். டெய்லி ஐ வில் கோ டு ஸ்கூல் இன் தட். பிரேக் நாட் வொர்க்கிங், ஸோ... அ... ஐ வில் ஸ்டாப் வித் லெக்."

முதல் பதிலைவிட இதில் பிழை அதிகம். ஆனால் இதில்தான் ஒரு ஆள் இருக்கிறார். பிழைகளையும் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஊர்ஜிதமான பிறப்பிடம் உண்டு. "அப்பல்லாம் தினமும் சைக்கிள்லதான் போவேன்" என்று தமிழில் கடந்தகாலப் பழக்கத்தை எதிர்கால வடிவில்தான் சொல்கிறோம். அது அப்படியே "ஐ வில் கோ" ஆகிவிட்டது. "பிரேக் பிடிக்காது" என்பதற்குத் தமிழில் துணைவினை வேண்டாம், அதனால் ஆங்கிலத்திலும் "வாஸ்" காணாமல்போனது. "அண்ணன் சைக்கிள்" என்பதில் உடைமை உருபு தேவையில்லை, அதனால் "பிரதர்ஸ்" என்பதன் கடைசி ஒலி விழுந்தது. இப்படிப் பார்த்தால் இருபது பிழைகள் மூன்று காரணங்களாகச் சுருங்கும். மூன்றைத் திருத்துவது நடக்கிற காரியம்.

திருத்தியதும் அதே பதில்:

"ஐ டிட், வெல், இட் வாஸ் மை பிரதர்ஸ் ஆக்சுவலி. ஹி அவுட்க்ரூ இட், ஸோ இட் கேம் டு மீ, அண்ட் ஐ யூஸ்ட் டு ரைட் இட் டு ஸ்கூல் எவ்ரி டே. த பிரேக்ஸ் ஹார்ட்லி வொர்க்ட், ஸோ ஐ வுட் ஸ்டாப் பை டிராகிங் மை ஃபீட் ஆன் த ரோட்."

அகராதியைப் புரட்ட வேண்டிய ஒரு சொல்லும் இதில் இல்லை. ஆனால் வாக்கியங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கின்றன. "யூஸ்ட் டு", "வுட்" இரண்டும் கடந்தகாலப் பழக்கத்தைச் சரியாகப் பிடிக்கின்றன. ஆரோக்கியம், சுற்றுச்சூழல் பற்றி ஒரு வரி இல்லை, கேட்கப்படவும் இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. திருத்திய பதிலை மெருகேற்றிக்கொண்டே போனால் அதுவும் மனப்பாடமாகிவிடும், முதல் வழியின் குழியிலேயே விழுவோம். தாளை மடக்கி வைத்துவிட்டுக் கேள்வியை மாற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளிக்கு எப்படிப் போனீர்கள்? சின்ன வயதில் எந்த விளையாட்டுப் பொருள் பிடிக்கும்? "யூஸ்ட் டு" தானாக வருகிறதா? வந்தால் அது உங்களுடையதாகிவிட்டது.

இரண்டாம் பகுதிக்கு இதே வழியின் இன்னொரு வடிவம் இருக்கிறது. அட்டையைக் கொடுத்து, தயாராக 1 நிமிடம் தந்து, 1 முதல் 2 நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். சிறுவயதில் கற்ற திறமை, மறக்க முடியாத பயணம், உங்களிடமிருந்த ஒரு பொருள் என்று அட்டையில் எது வந்தாலும் சைக்கிள் அனுபவத்தை உள்ளே கொண்டுவந்துவிடலாம். மொழி கற்பித்தல் அறிஞர் பால் நேஷன் எழுதிப் பரவலாக்கிய 4/3/2 என்ற பயிற்சியை இதற்குப் பயன்படுத்துங்கள். ஒரே விஷயத்தை முதலில் 4 நிமிடம், பிறகு அதையே 3 நிமிடத்தில், பிறகு 2 நிமிடத்தில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் கேட்கிற ஆள் மாறுவது நல்லது. ஆள் இல்லையென்றால் போன் போதும். நேரம் சுருங்கச் சுருங்க வெற்றுச் சொற்கள் உதிர்ந்து தயக்கம் குறைவதை நீங்களே கேட்கலாம். சரளத்துக்கு இதைவிட மலிவான மருந்தை நான் பார்த்ததில்லை.

இந்த வழியின் குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது. பிழை என்று தெரியாத பிழையை நாமே கண்டுபிடிக்க முடியாது.

ஆசிரியர்

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஆசிரியர். ஆனால் மாதக்கணக்கில் வேண்டுமா என்றால் பெரும்பாலானவர்களுக்கு வேண்டியதில்லை. ஒரு மணி நேர வகுப்பில் நாம் பேசிய நிமிடங்களை எண்ணிப் பார்த்தால் பல சமயம் ஆசிரியர்தான் ஆங்கிலத்தில் நல்ல பயிற்சி பெற்றிருப்பார்.

வெறுங்கையோடு போகாதீர்கள். எழுதி வைத்த நான்கைந்து பதில்களையும் அவற்றின் ஒலிப்பதிவுகளையும் எடுத்துக்கொண்டு போய், "திரும்பத் திரும்ப வருகிற பிழை எது? எந்தச் சொல்லைச் சொல்லும்போது உங்களுக்குப் புரியவில்லை?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். அதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிற ஆசிரியர் கிடைத்தால் இரண்டு மூன்று சந்திப்பு போதும். அதற்குப் பதிலாக "பேண்ட் 9 ஆன்ஸர்ஸ்" என்று ஒரு பிரின்ட்-அவுட் கட்டைக் கையில் கொடுத்தால், அது நாம் முதலில் தள்ளிவைத்த மனப்பாடம்தான், இந்த முறை கட்டணத்தோடு.

5 அல்லது 5.5-ல் நிற்கிறவர்களுக்கு மட்டும் வரிசையை மாற்றிச் சொல்வேன். வாக்கியமே கூடி வராத நிலையில் தனியாகப் பதிவு செய்துகொண்டிருந்தால் பிழைதான் பழக்கமாகும். அவர்கள் முதலில் ஆசிரியரிடம் போய்விட்டுப் பதிவுக்கு வரட்டும்.

ஏஐ செயலிகள்

அலுத்துக்கொள்ளாமல் நடு ராத்திரியிலும் கேள்வி கேட்கும். வெட்கம் தேவையில்லை. இந்த இரண்டுக்காகவே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு இடத்தில் காலை வாரும்.

ஒன்று, பேச்சை எழுத்தாக்கும்போது பல செயலிகள் திக்கலையும் அரைகுறைச் சொல்லையும் தாமாகவே சுத்தம் செய்துவிடும். நீங்கள் விழுங்கிய ஒலியைச் சூழலை வைத்து ஊகித்துச் சரியாக எழுதிவிடும். திரையில் பார்த்தால் பிரமாதமான ஆங்கிலம். எக்ஸாமினருக்கு அந்த வசதி இல்லை. பதிவைக் கையால் எழுதச் சொன்னது இதனால்தான்.

இரண்டாவது, திருத்தச் சொன்னால் உங்கள் பதிலையே தூக்கிவிட்டு வேறொருவர் பதிலை வைக்கும். அண்ணன் சைக்கிளும் பிரேக் இல்லாத கதையும் போய், "ஃபாஸ்டர்ட் எ சென்ஸ் ஆஃப் இன்டிபென்டென்ஸ்" என்று ஏதோ வந்து நிற்கும். "என் சொற்களையே வைத்துக்கொள், இலக்கணப் பிழையை மட்டும் காட்டு, எழுதித் தராதே" என்று முன்கூட்டியே கட்டளை போட்டுவிடுங்கள். அது சொல்லும் பேண்ட் மதிப்பெண்ணைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

நிஜமாகவே இது கைகொடுக்கும் இடம் மூன்றாம் பகுதி. அங்கே கேள்விகள் உங்களை விட்டு வெளியே போகும்: அரசு சைக்கிள் பாதை போட வேண்டுமா, ஹெல்மெட் கட்டாயமா, கார்கள் பெருகிய நகரத்தில் சைக்கிளுக்கு இடமுண்டா? "நான் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசு" என்று ஏஐயிடம் சொல்லிவிட்டு வாதாடிப் பாருங்கள். கருத்தே வரவில்லை என்கிறவர்கள் இரண்டு மூன்று தகவலைக் கையில் வைத்துக்கொண்டால் போதும், அதற்கு மேல் சேர்ப்பது வீண். நெதர்லாந்தில் இன்று மக்கள்தொகையைவிடச் சைக்கிள்கள் அதிகம். அது அந்த மண்ணின் பிறவிக்குணம் இல்லை. 1970-களில் கார் விபத்துகளில் குழந்தைகள் சாவதை எதிர்த்து மக்கள் தெருவில் இறங்கினார்கள், 1973-ன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது, பாதைகள் வந்தன. ஹெல்மெட் பக்கம் பேச, 1990-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணம் அதைச் சட்டமாக்கியது இருக்கிறது. தலைக்காயம் குறையும் என்பது ஆதரவாளர் வாதம், சைக்கிள் ஓட்டுவதையே சிலர் விட்டுவிடுவார்கள் என்பது எதிர்ப்பாளர் வாதம்.

தகவலை ஒப்பிக்காமல் காரணமாக மாற்றுவதுதான் பயிற்சி: "பீப்பிள் சைக்கிள் வென் இட் ஃபீல்ஸ் சேஃப். த டச் டிட்னாட் ஆல்வேஸ் ஹேவ் தோஸ் லேன்ஸ். தே காட் தெம் பிகாஸ் பேரன்ட்ஸ் புரோட்டஸ்டட்." மூன்று வாக்கியத்துக்குள் கருத்து, சான்று, காரணம் மூன்றும் வந்துவிட்டன.

பேச்சுத்துணை, நிழல்பேச்சு

கூடப் படிக்கிற நண்பரோடு பேசிப் பழகுவது நல்லதுதான். எதிரில் இருக்கிற முகம் சுருங்கினால் புரியவில்லை என்று அந்தக் கணமே தெரியும். இதை வேறெந்த வழியும் தராது. ஆனால் இருவருக்கும் ஒரே பிழை இருந்தால் அது பிழையாகவே படாது, பத்தாவது நிமிடம் பேச்சு தமிழுக்கு மாறியும் விடும்.

ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டே கூடவே சொல்லிப் போகும் நிழல்பேச்சு உச்சரிப்புக்கு மட்டும்தான் உதவும். சைக்கிள் தலைப்பில் கவனிக்க வேண்டியவை குறைவு. பைசைக்கிள் என்பதில் அழுத்தம் முதல் அசையில் விழ வேண்டும். வாகனத்தை "வெஹிக்கிள்" என்று ஹகரத்தை அழுத்திச் சொல்லாமல் "வீயிக்கிள்" என்பதற்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். சக்கரத்துக்கான வீல் உதட்டைக் குவித்துத் தொடங்குவது, பல்லால் உதட்டைக் கடித்துத் தொடங்குவதில்லை. ஏற்கெனவே 7-ஐத் தொட்டுவிட்டு மேலே போக நினைக்கிறவர்களுக்கு இது பயன் தரும். எழுதப்போவது ஐஇஎல்டிஎஸ் இல்லை, கணினியிடம் பேசும் பிடிஇ என்ற ஆங்கிலத் தேர்வு என்றால் நிழல்பேச்சை முதலிடத்துக்கே கொண்டுபோகலாம், ஏனென்றால் அங்கே வாசித்துக் காட்டுவதும் கேட்டதைத் திருப்பிச் சொல்வதுமே தனிப் பணிகள்.

6-லோ 6.5-லோ மாட்டிக்கொண்டு நிற்கிறவர்தான் இதைப் படிப்பவர்களில் அதிகம் என்று நினைக்கிறேன். ஒரு மாதம் கையில் இருந்தால் தினமும் ஒரு பதிலைப் பதிவு செய்து எழுதுங்கள், இரண்டாவது வாரக் கடைசியில் அந்தத் தாள்களோடு ஒருமுறை ஆசிரியரைப் பாருங்கள், மூன்றாம் பகுதிக்கு மட்டும் ஏஐயை வையுங்கள். பத்து நாள்தான் என்றால் ஆசிரியரையும் விட்டுவிடலாம், பதிவை விட வேண்டாம்.

சைக்கிளே இல்லாமல் வளர்ந்தவர்கள் என்ன செய்வது என்ற கேள்வி எப்போதும் வரும். இருந்ததாகச் சொன்னால் மதிப்பெண் குறையாது, ஆனால் பொய்க்கு விவரம் ஊறாது, இரண்டாவது வாக்கியத்திலேயே வறண்டுவிடும். இல்லை என்பதையே பதிலாக்கலாம்: "நோ, ஐ நெவர் ஹேட் ஒன். மை மதர் தாட் த ரோட் அவுட்சைட் அவர் ஹவுஸ் வாஸ் டூ பிஸி, ஸோ ஐ லேர்ன்ட் ஆன் எ ஃப்ரெண்ட்ஸ் பைக் வித்தவுட் டெல்லிங் ஹர்."